படப்பெட்டியைச் சுமந்தவர்கள்: சுயாதீன சினிமாவின் வெளியீடு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

புலம்பெயர் சூழலில் சுயாதீன சினிமா பற்றிய எமது விவாதங்கள் பெரும்பாலும் தயாரிப்போடு நின்றுவிடுகின்றன. பணம் எங்கே, கமெரா யாரிடம், நடிக்க யார் வருவார் என்றுதான் கதைக்கிறோம். எடுத்த படத்தை யாரிடம், எந்த வழியால் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி கடைசி வாரத்தில் எழுகிறது. ஒரு மண்டபம் பிடிக்கப்படுகிறது. துண்டுப்பிரசுரம் அடிக்கப்படுகிறது. நண்பர்களும் அவர்களது நண்பர்களும் வந்து பார்க்கிறார்கள். அத்துடன் படத்தின் ஆயுள் முடிகிறது. 'எங்கட சனத்துக்கு இதில் அக்கறை இல்லை' என்று அதன்பின் சொல்லப்படுகிறது. இத்தகைய திரையிடல்கள் சிலவற்றில் கதிரை அடுக்கியவன் என்ற வகையில், பழியைப் பார்வையாளர் மேல் போட்டுத் தப்பிக்கும் இப்பேச்சுடன் எனக்கு உடன்பாடில்லை. பார்வையாளர் திரளை முதலில் உருவாக்கி, அதிலிருந்து படத்தைப் பிறப்பித்தவர்கள் உலக சினிமா வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு முன்மாதிரிகளைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

1

ஒஸ்கார் மிஷோ 1884 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்த கறுப்பர். தெற்கு டகோட்டாவில் காணி எடுத்துக் கமம் செய்தவர். தனது நாவல்களைத் தானே வெளியிட்டு வீடுவீடாகச் சென்று விற்றவர். 1917 இல் வெளிவந்த அவரது 'த ஹோம்ஸ்ரெடர்' நாவலைப் படமாக்க, கறுப்பர்கள் நடத்திய லிங்கன் மோஷன் பிக்ஷர் கொம்பனி விரும்பியது. படத்தில் தனது பிடி இருக்கவேண்டும் என்று மிஷோ நின்றதால் பேச்சு முறிந்தது. பிறகு அவர் தானே ஒரு கொம்பனி தொடங்கி, தனது புத்தகங்கள் விலைபோன அதே கமக்காரச் சூழலில், வெள்ளையர் உட்பட, பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். படம் 1919 பெப்ரவரியில் சிக்காகோவில் திரையிடப்பட்டது.

அவர் படத்தை விற்ற முறை கவனத்துக்குரியது. நிறப்பிரிவினை நிலவிய தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்கான தியேட்டர்கள் குறைவு. வெள்ளையரின் தியேட்டர்கள் சிலவற்றில் நள்ளிரவுக் காட்சி மட்டும் கறுப்பர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மிஷோ ஒரு படத்தின் கொப்பிகளோடு ஊர் ஊராகத் திரிந்தபடியே, அடுத்த படத்துக்கான நிழற்படங்களைத் தியேட்டர் முகாமையாளர்களிடம் காட்டி முற்பணம் வாங்கினார். ஒரு படத்தின் வெளியீடே மறு படத்தின் தயாரிப்பாக இருந்தது.

1920 இல் வந்த 'விதின் அவர் கேட்ஸ்' கறுப்பர்கள் கும்பலால் தூக்கிலிடப்படுவதை நேரடியாகக் காட்டியது. 38 பேர் கொல்லப்பட்ட 1919 கோடைக் கலவரத்தின் காயம் சிக்காகோவில் அப்போது ஆறியிருக்கவில்லை. தணிக்கைக்குழு முதலில் மறுத்தது. வெள்ளை, கறுப்புச் சமூகப் பெரியவர்கள் சிலரும் எதிர்த்தனர். மிஷோ இந்த எதிர்ப்பையே விளம்பரமாக்கினார். வெட்டுப்பட்ட பகுதிகள் மீளச் சேர்க்கப்பட்டுள்ளன என்று சொல்லியே மறு காட்சிகளுக்கு ஆள் சேர்த்தார்.

இந்தத் தனிமனித வணிகத்துக்கு விலையும் இருந்தது. 1928 இல் அவர் வங்குரோத்தானார். அதன்பின் ஹார்லமில் தியேட்டர் வைத்திருந்த வெள்ளை முதலாளிகளின் பணத்தில் தங்கவேண்டியிருந்தது. ஒருவர் சுமந்து திரிந்த சில கொப்பிகளே படத்தின் முழு இருப்பு என்பதால், அவரது மௌனப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று மட்டுமே. 'விதின் அவர் கேட்ஸ்' பல பத்தாண்டுகளின் பின் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கண்டெடுக்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனை 1993 இல் மீட்டமைத்தது.

2

இரண்டாவது முன்மாதிரி எமக்கு அருகில் உள்ளது. ஜோன் ஆபிரகாம் 1977 இல் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' தேசிய விருது பெற்றது. ஆயினும் பிராமணர்களின் எதிர்ப்பின் பின் தூர்தர்ஷன் அதன் ஒளிபரப்பைக் கைவிட்டது. விருது கிடைத்தாலும் படம் சனங்களிடம் போய்ச்சேராது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1984 இல் ஜோனும் நண்பர்களும் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற மக்கள் சினிமா இயக்கத்தைத் தொடங்கினர். 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தின் படிக்கட்டுக் காட்சியை நினைவூட்டும் பெயர். 1965 இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்திரலேகா உட்பட, கேரளத்தின் திரைப்படச் சங்கங்கள் பண்படுத்திய நிலம் அவர்களுக்கு இருந்தது. 16 மி.மீ. புறொஜெக்ரருடன் கிராமங்களுக்குச் சென்று, பறை கொட்டி ஆட்களைக் கூட்டி, சாப்ளினின் 'த கிட்' படத்தைக் காட்டிச் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்தார்கள். இன்னும் எடுக்கப்படாத ஒரு படத்துக்கு, வேறொருவரின் படத்தின் மூலம் பார்வையாளரைத் தேடினார்கள்.

இவ்வாறு உருவான 'அம்ம அறியான்' 1986 இல் முடிந்தது. சாதாரண வணிக விநியோகத்துக்குப் போகாமல் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. இறந்த நண்பன் ஒருவனின் தாய்க்குச் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கிச் செல்லும் ஒருவனுடன், வழியில் பலர் சேர்ந்துகொள்வதே கதை. படத்தினுள் கூட்டம் பெருகும் விதமும், படத்துக்கு வெளியே பார்வையாளர் பெருகிய விதமும் ஒன்றே. இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

1987 மே 31 இல் ஜோன் கோழிக்கோட்டில் கட்டிடமொன்றிலிருந்து விழுந்து இறந்தார். கூட்டாக எழுந்த ஓர் அமைப்பும் ஓர் ஆளுமையின்மேல் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது அதன்பின்தான் தெரிந்தது. மிஷோவிடம் இருந்த அதே பலவீனம் ஒடேசாவிலும் இருந்தது.

3

எங்களிடம் இப்படியான வலைப்பின்னல் இருக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. 1988 இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு நாடு நாடாக, நகர் நகராக நகர்ந்தது. சிற்றிதழ்கள் கைமாறின. எந்தக் கட்சியின் அனுமதியும் பெறாமல் மாற்றுக் கருத்துகள் அங்கே பேசப்பட்டன. சினிமாவுக்கான சுற்றும் அப்படி அமையலாம்.

எனது யோசனைகள் எளியவை. படப்பிடிப்புக்கு முன்பே பத்து நகரங்களையும் நகருக்கு ஒரு பொறுப்பாளரையும் தீர்மானிக்கவேண்டும். அங்கெல்லாம் முதலில் வேறொரு நல்ல படத்தைக் காட்டிக் கதைக்கவேண்டும். பலரிடம் சிறு தொகையாகப் பங்கு வாங்கவேண்டும். விளம்பரம் தரும் நகைக்கடையும் மண்டபம் தரும் சங்கமும் படத்தின் கடைசி எடிற்றர்களாகிவிடும் நிலைக்கு இதைவிட வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. வாழும் நாட்டு மொழியில் உபதலைப்பு வேண்டும். எமது பிள்ளைகளும் பார்வையாளர்களே. படம் முடிந்ததும் ஒரு கொப்பியை ஆவணக் காப்பகத்தில் வைக்கவேண்டும். மிஷோவின் இழப்பு சொல்லும் பாடம் அது.

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும், சுற்று எதற்கு என்று இன்று கேட்கப்படலாம். ஏற்றுவது சுலபம். ஆனால் தனியே பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவரோடு முரண்பட வேண்டியதில்லை. ஆர்ஜென்ரீனாவில் சொலானாசும் கெற்றினோவும் 1968 இல் முடித்த நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட 'தீச்சூளைகளின் காலம்', இராணுவ ஆட்சியின் கீழ் வீடுகளில் இரகசியமாகக் காட்டப்பட்டது. இடையே படத்தை நிறுத்தி விவாதித்தார்கள். வந்தவர்கள் ஆபத்தை ஏற்று வந்தார்கள். அதனாலேயே வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. அங்கே படம் பகிரங்கமாக ஓடியது 1973 இல்தான். அதற்கு முன்பே அது வெளியாகிவிட்டது என்பேன்.

எமக்குள் எத்தனையோ விடயங்கள் இன்னும் பேசப்படாமல் கிடக்கின்றன. அவற்றைச் சொல்லும் படங்கள் எடுக்கப்பட்டால், முரண்படும் ஐம்பது பேரை ஒரே அறையில் இருத்தி இறுதிவரை பார்க்கவைப்பது யார் பொறுப்பு? அதை இயக்குநரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. இவ்விதழின் வாசகர்களிடமிருந்து எதிர்வினைகளையும், முடிந்தால் பத்தில் ஒரு நகரத்தின் பெயரையும் எதிர்பார்க்கிறேன்.