சக்தி தரும் வைட்டமின் மாத்திரை

சோர்வை நீக்கித் தேகத்துக்குச் சுறுசுறுப்பு அளிக்கும் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் மாத்திரை, பொடி, பானம் ஆகியவற்றில் பெரும்பாலும் பி தொகுதியைச் சேர்ந்த வைட்டமின்களும், அவற்றோடு இரும்பு, மக்னீசியம் முதலிய தாதுக்களும், சில சமயங்களில் காஃபீனும் மூலிகைச் சாரங்களும் கலந்திருக்கும். இவற்றை மதிப்பிடப் புகுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, எந்த வைட்டமினும் தானாகச் சக்தி அளிப்பதில்லை என்பதே. மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றிலிருந்தே தேகத்தின் சக்தி பிறக்கிறது. அடுப்பில் எரிவது விறகேயன்றி ஊதுகுழல் அன்று என்பதைப் போல, வைட்டமின்கள் அந்தத் தகனத்துக்குத் துணைநிற்கின்றனவே ஒழியத் தாம் எரிவதில்லை.

அந்தத் துணை அற்பமானதன்று. தயாமின் எனப்படும் பி1 இல்லையேல் சர்க்கரையின் சிதைவு பாதி வழியில் தடைப்படும். ரைபோபிளேவினும் நியாசினும் எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் துணைப்பொருள்களாக மாறுகின்றன. பான்டோதெனிக் அமிலம் கோ-என்சைம் ஏ என்ற பொருளின் அங்கமாகிறது. இவ்வளவு கிரியைகளின் முடிவில் உண்டாகும் அடினோசைன் டிரைபாஸ்பேட் என்னும் சக்திப் பொருளை, 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், அவரைச் சாராமல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் சேர்ந்தும் கண்டறிந்தனர். இப்பொருள் உயிரணுக்களில் மக்னீசியத்தோடு இணைந்தே தொழிற்படுகிறது. மக்னீசியத்துக்கு இம்மாத்திரைகளில் இடம் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

தயாமின் குறைந்தால் நேர்வதற்குச் சான்று உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கிடைத்ததும் அவை தேறி எழுவதையும் கண்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் ஊறிவிடுவதால், புழுங்கலரிசி உண்போரிடையே, தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் அருகிக் காணப்பட்டது. குறையுள்ளவருக்கு வைட்டமின் செய்யும் இந்த உபகாரம் மெய்யானது. ஆனால் அதன் கீர்த்தியைக் கடனாக வாங்கி, குறையே இல்லாதவருக்கும் அதே புத்துயிர் கிட்டும் என்று விளம்பரம் செய்வது நியாயமாகாது.

பி12 இதற்குத் தக்க உதாரணம். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 2.4 மைக்ரோகிராம், மாத்திரையிலோ 1000 மைக்ரோகிராம் இருப்பது சாதாரணம். இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையால் ஒரு வேளையில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராமே உட்கிரகிக்கப்படும். எஞ்சியதில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாகக் கசிந்து சேரும். அந்தப் புரதம் சுரக்காத நோயாளிக்கு அந்த ஒரு பங்கே ஜீவாதாரமாகலாம். பாலும் தவிர்க்கும் தாவர உணவினருக்கும், முதியோருக்கும், நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்பவருக்கும் பி12 அவசியப்படக்கூடும். பாலும் முட்டையும் மீனும் உண்டு நன்கு ஜீரணிப்பவருக்கு அதனால் விசேஷ லாபம் இல்லை. பி12 குறையுள்ளவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால், ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் உள்ளே வளரும் அபாயமும் உண்டு.

நீரில் கரையும் வைட்டமின் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்ற அபிப்பிராயம் தவறானது. சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதை மாத்திரை வேலை செய்வதன் அடையாளமாகப் பலர் கருதுகின்றனர். அது மிகுதியான ரைபோபிளேவின் வெளியேறுவதன்றி வேறில்லை. பி6 அவ்வளவு சாதுவானதன்று: தினசரித் தேவை 1.3 மில்லிகிராம் அளவிலிருக்க, நீண்ட நாள் அளவு மீறி உண்போருக்குப் பாதங்களில் மரமரப்பும் நடையில் தள்ளாட்டமும் நேர்கின்றன. இதன் உச்ச வரம்பை அமெரிக்கா 100 மில்லிகிராம் என்று வைத்திருக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 12 மில்லிகிராமாகக் குறைத்தது. இரும்பையும் ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்த பின்னரே உண்பது உசிதம். மிகுந்த இரும்பை வெளியேற்றத் தேகத்தில் தனி வழி கிடையாது.

உண்டவுடன் உற்சாகம் தோன்றினால், அது பெரும்பாலும் காஃபீனின் காரியம். அது மூளையில் அயர்வை உணர்த்தும் அடினோசைனின் இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, புதிய சக்தியை உண்டாக்குவதில்லை. குவாரானா விதைச் சாரம் என்று எழுதியிருந்தாலும் அதன் பொருள் காஃபீனே. அமெரிக்காவில் பல உட்பொருள்களைத் தனியுரிமைக் கலவை என்று தொகுத்து மொத்த எடையை மட்டும் அச்சிட அனுமதி இருப்பதால், அத்தகைய சீட்டைக் கொண்டு ஒவ்வொன்றின் அளவையும் அறிய இயலாது; அளவு தெரியாத பொருளை மதிப்பிட வழியில்லை என்பதால், அதை வாங்காதிருப்பதே விவேகம்.

கேசத்துக்கும் உற்சாகத்துக்கும் என்று சேர்க்கப்படும் பயோட்டின், நாள் தேவை 30 மைக்ரோகிராமாக இருக்க, 5000 அல்லது 10,000 மைக்ரோகிராம் அளவில் விற்பனையாகிறது. இது தேகத்தைக் கெடுக்காவிடினும் ஆய்வுக்கூடத்தை ஏமாற்றும்: பயோட்டினைக் கருவியாகக் கொண்ட ரத்தப் பரிசோதனைகளில் தைராய்டு மிகையாகச் சுரப்பது போன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்கும்; மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவையும் குறைத்துக் காட்டிவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. ஆகவே சோர்வின் காரணம் தேடி ரத்தம் கொடுக்கச் செல்பவர், தாம் உண்ணும் மாத்திரையின் சீட்டை மருத்துவரிடம் காட்டி, சோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டறிதல் அவசியம்.