கல்லாறு தாண்டுற வரைக்கும் தூங்காதே

ஊட்டியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறும்போதெல்லாம் பாட்டி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "கண்ணு, கல்லாறு தாண்டுற வரைக்கும் தூங்கிராதே." வாந்தி வரும் என்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் ரொம்ப வருஷமாக நினைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், "எங்கம்மா சொல்லும், நானும் சொல்றேன்" என்பார். அதோடு சரி.

நீலகிரி பற்றிய பழைய பயணக் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த எச்சரிக்கை வேறு எங்கிருந்தோ வருகிறது என்று சந்தேகம் வந்தது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். குன்னூர் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கி, பர்லியார், கல்லாறு வழியாக பஸ் தரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் போதும். காது அடைக்கும், ஸ்வெட்டர் கசகசக்கும். பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிடுவார்கள். விடிந்தால் சென்னை, கடற்கரை ஊரின் வேர்வை. இவ்வளவு சாதாரணமான இந்தத் தூக்கத்தை 150 வருஷத்துக்கு முன்னால் யாரும் அந்த இடத்தில் தூங்கியிருக்க மாட்டார்கள், முடிந்தவரை.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். சில வருஷத்திலேயே ஊட்டியில் கல்வீடு கட்டினார். மலைக்குளிர் உடம்பைத் தேற்றும் என்று நோயாளி வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த ஆரோக்கியமான மலையைச் சுற்றி, அடிவாரத்தில், ஒரு காய்ச்சல் காடு வளையமாக இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கமும் சரி, மைசூர் பக்கம் சீகூரிலும் சரி, வழிப்போக்கர்களுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: பகலிலேயே தாண்டிவிடு, அடிவாரத்தில் ராத்திரி தங்காதே, தூங்காதே.

காரணமாக அவர்கள் நம்பியது கெட்ட காற்றை. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே அதுதான் அர்த்தம். மக்கிய இலையிலிருந்தும் சேற்றிலிருந்தும் இருட்டின பிறகு விஷ ஆவி கிளம்புகிறது என்று நினைத்தார்கள். விளக்கம் தப்பு, புத்தி சரி. காய்ச்சலைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் பெரும்பாலும் கடிக்கும். அசையாமல் தூங்குகிறவன் அதற்கு வசதியான ஆள்.

ஆனால் தூங்காமல் தாண்டுவது யாருக்கு முடிந்தது? 1834-ல் மெக்காலே, கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க சென்னையிலிருந்து ஊட்டி வந்தார். பெங்களூர், மைசூர் வழியாக ஏறக்குறைய 400 மைல், முழுக்க ஆட்களின் தோளில், பல்லக்கில். அவர் மேலே போய்க் குளிரில் உட்கார்ந்துகொண்டார். தூக்கி வந்தவர்கள் வந்த வழியே திரும்பி இறங்க வேண்டுமே. அவர்கள் எங்கே தூங்கினார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்?

ரோடு கதையும் அப்படித்தான். குன்னூர் மலைப்பாதை 1830-களின் தொடக்கத்தில், கவர்னர் லஷிங்டன் காலத்தில் போடப்பட்டது. வேலை பார்த்த அதிகாரிகளின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண் வெட்டியவர்களின் பெயர் இல்லை. அடிவாரச் சரிவுகளிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இருளர்களும் குறும்பர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் ஒன்றும் செய்யாது என்று வெள்ளைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மலேரியா உள்ள இடத்தில் சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். பிழைக்காத குழந்தைகள் அந்த ஆச்சரியத்தின் கணக்கில் வருவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், காய்ச்சலுக்கு மருந்தும் இதே மலையில்தான் வளர்ந்தது. கொய்னா எடுக்கும் சின்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரன். 1860-ல் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் எக்வடோரில், சிம்பரசோ மலைச்சரிவில், சிவப்புப் பட்டை மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார். கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து, தெப்பத்தில் ஏற்றி, ஆற்று வழியாக குவாயகில் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். அதுவும் மலையிலிருந்து கடலுக்கு ஒரு பயணம்தான். அவை கடல் கடந்து 1861-ல் ஊட்டி வந்து சேர்ந்தன. ஊட்டித் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்.

அங்கே வேலைக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனர்களும் அதில் உண்டு. விடுதலையான சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டம் பக்கமே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். பிற்பாடு கொய்னா பொட்டலம் தபாலாபீசில் காலணா, அரையணா கணக்கில் விற்ற காலமும் வந்தது.

மருந்து இருந்தும் நோய் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. 1897-ல் ரொனால்டு ராஸ் லீவில் ஊட்டி வந்தவர், அதை ஆராயத்தான் சீகூர் மலைப்பாதைத் தோட்டங்களுக்கு இறங்கினார். அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்று நம்பிக்கைக்கு அதோடு முடிவுகாலம் வந்தது. அப்புறம் 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், வீடு வீடாக டிடிடி மருந்தடிப்பு. ஒரு தலைமுறைக்குள் அடிவாரம் சும்மா ஒரு பஸ் ஸ்டாப் ஆகிவிட்டது. பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்குகிறோம்.

ஒரு சின்னத் திருப்பம் பாக்கி இருக்கிறது. பிற்காலத்தில் தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு சென்னையில்தான். அங்கே பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டெபன்சி என்ற இனம். அதற்குக் காடு வேண்டாம், கிணறும் மூடாத மொட்டைமாடித் தொட்டியும் போதும். ஆக, பயந்துகொண்டு தாண்டிய இடத்தைவிட, வந்து இறங்குகிற இடம்தான் ஆபத்தாகிப் போனது!

போன மாசம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். கொசு, கொய்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கம்மாவோட அண்ணன் கல்லாத்துப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போச்சாம். குளிர்காய்ச்சலோட வந்து சேந்துச்சாம். எட்டு நாள்தான். அம்மா அதைப் பத்திப் பேசவே பேசாது. தூங்காதேன்னு மட்டும் சொல்லும்."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். பாட்டிக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் கல்லாறு பாலம் வரும்வரை முழித்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பையன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் திறந்துதான் இருந்தது.