முதலில் இறங்குபவர் அறிய வேண்டியது: கோலார் தங்கவயல் விட்டுச்சென்ற பாடம்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பொன்னின் அளவையும் சுரங்கத்தின் ஆழத்தையுமே முதலில் குறிப்பிடுவர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய பணி, 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் குடிபெயர்ந்த தமிழரின் உழைப்பு அதற்குள் புதைந்திருக்கிறது. இவையெல்லாம் நாம் அறிந்தவை. அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. ஆபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் ஓடிச் செல்பவருக்கு, அங்கே காத்திருக்கும் நஞ்சு எதுவென்று யார் சொல்வது?

இந்தியச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் தோற்றத்திலேயே தங்கவயலுக்கு ஓர் இடம் உண்டு. 1897இல் அங்கு நேர்ந்த விபத்தில் 52 பேர் மாண்டனர். பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தனர். இவ்விரு துயரங்களும் அரசை விரைவுபடுத்த, 1901 மார்ச் 22இல் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. எத்தனையோ விதிகளைப் போலவே இதுவும் பிணங்களை எண்ணிய பிறகே எழுதப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியலறிஞர் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தோரை ஆராய்ந்தார். பெரும்பாலோர் வெடிப்பினால் அல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவினால் இறந்தனர் என்பதை 1896இல் வெளியிட்டார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மனிதனுக்கு முன்பே மயங்கிவிழும் சிற்றுயிர்களை உடன் கொண்டுசெல்லுமாறு அவர் பரிந்துரைத்தார். கூண்டில் கானரிப் பறவையை எடுத்துச் செல்லும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. பிரிட்டன் அதனைக் கைவிட்டது 1986இல்தான். புலன்களை நம்பி இறங்காதே என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

சுரங்கம் இயங்கும்வரை காற்றோட்டத்துக்கும் மீட்புக்கும் சுரங்க நிர்வாகமே பொறுப்பு. அது மூடப்பட்டபின் விசிறிகள் நின்றன, நீரிறைப்பு நின்றது. மக்கும் மரத்தூண்களும் காற்றில் மாற்றமடையும் கனிமங்களும் உள்ளிருக்கும் ஆக்சிஜனை மெல்ல உண்டுவிடும். காற்றைவிடக் கனமான கரியமில வாயு பள்ளங்களில் தேங்கும். 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், மாரிக்குப்பத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் பழம்பொருள் எடுக்க இறங்கியவர்களுள் மூவர் மூச்சுத்திணறி இறந்தனர். அவர்கள் சென்ற நோக்கத்தைப் பற்றியே ஊர் பேசியது. ஆனால் அத்தகைய குழிக்குள் அவர்களைத் தேடி இறங்க வேண்டியவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்க நேரிடும் என்பதை எத்தனை பேர் எண்ணினர்? அங்கே துணி முகமூடி பயன்படாது. வடிகட்டி பொருத்திய முகமூடியும் பயன்படாது. வடிகட்டி நஞ்சைத் தடுக்கலாம், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. முதுகில் சுமந்து செல்லும் காற்றுக்கலனோடு கூடிய சுவாசக் கருவி ஒன்றே காக்கும். ஒருவரைக் காக்க மற்றொருவர் இறங்கி, இருவரும் மாளும் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைத் தமிழகம் நன்கறியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

தங்கவயலின் இன்னொரு நஞ்சு சயனைடு. 1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டறிந்த முறையில், அரைத்த தாதுவிலிருந்து பொன்னைக் கரைத்தெடுப்பது சயனைடுக் கரைசலே. சோடியம் சயனைடு திடப்பொருளாகக் கிடக்கும்வரை அமைதியானது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய வாயுவாக எழும். கரியமில வாயுத் தீயணைப்பானை அதன்மேல் பயன்படுத்தினாலும் அந்த வாயு வெளிப்படலாம். நீரைப் பீய்ச்சினால் நஞ்சு கரைந்து சாக்கடைக்கும் ஏரிக்கும் ஓடும். கசப்பு வாதுமை மணம் வீசும் என்பர். அம்மணத்தை உணரும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாதோர் பலர். அணைக்க வந்தவரின் நல்லெண்ணமே ஆபத்தைப் பெருக்கக்கூடிய பொருள் இது.

நகரைச் சூழ்ந்து நிற்கும் கழிவு மண்மேடுகளை மக்கள் சயனைடு மலை என்றே அழைக்கின்றனர். அப்பெயர் மண் பிறந்த வழியைச் சொல்கிறது, இன்றைய ஆபத்தை முழுதும் சொல்லவில்லை. சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பது நுண்ணிய சிலிக்காத் தூசி. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் அதனால் வருவது. பெயர் பிழைத்தால் எச்சரிக்கையும் பிழைக்கும்.

உலகமும் இதனைத் துயரத்தின் வழியே கற்றது. 1947இல் அமெரிக்காவின் டெக்சஸ் நகரத் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தபோது, அணைக்கச் சென்ற உள்ளூர்த் தீயணைப்பு வீரர் அனைவரும் வெடிப்பில் மாண்டனர். 1984இல் போபால் மருத்துவமனைகளில் குவிந்தோரைக் கண்ட மருத்துவர்களுக்கு, கசிந்த வாயு எதுவென்றே தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லப்படவில்லை. சயனைடுக்கு முறிமருந்தான சோடியம் தயோசல்ஃபேட்டை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது. அதன் பின்னரே 1989இன் அபாயகர இரசாயன விதிகளும் 1996இன் இரசாயன விபத்து விதிகளும் வந்தன. இன்று சயனைடு ஏற்றிய லாரியின் பின்புறத்தில் 1689 என்னும் எண்ணைக் காணலாம். அது ஐக்கிய நாடுகள் முறையில் திடச் சோடியம் சயனைடுக்குரிய எண். தொலைவில் நின்றே அதனைப் படித்து, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் விலகி, கூட்டத்தை அகற்றி, பயிற்சி பெற்றோரை அழைப்பதே முதலில் வருபவரின் கடமை.

2024 ஜூன் மாதம், 13 மண்மேடுகளிலும் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. அங்கே கிடப்பது ஏறத்தாழ 3.3 கோடி டன் மண். இத்தகைய மண்ணிலிருந்து பொன் பிரிக்க உலகெங்கும் பெரிதும் பயன்படுவது சயனைடே. வேலை வரட்டும், அந்நகரம் அதற்காக இருபதாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறது. ஆனால் லாரி வருமுன் அறிவு வர வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பேசப்படும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அது சென்றுசேர வேண்டும்.

தங்கவயலில் மீட்புப் பணி செய்த பெரியோர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களின் நினைவைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கே இறங்கக்கூடாது என்பதை நிலத்தடியில் கற்ற கடைசித் தலைமுறை அது.