பிரெஞ்சு இந்தியா: தென்னார்க்காட்டின் நடுவே ஒரு கடல்கடந்த ஆட்சிப்பகுதி

பிரெஞ்சு இந்தியா என்பது இந்தியத் துணைக்கண்டத்தில் பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநகர் ஆகிய ஐந்து பகுதிகளைக் குறிக்கும். 1946இல் பிரான்சின் புதிய அரசியலமைப்பின்படி இது "கடல்கடந்த ஆட்சிப்பகுதி" என்ற தகுதியைப் பெற்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இப்பகுதிக்குச் சட்டம் பாரிசிலிருந்து வந்தது. தண்ணீரும் விளைபொருளும் சந்தையும் அடுத்த ஊரிலிருந்து வந்தன. இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த முரண்பாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

புவியியல்

ஐந்து பகுதிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடந்தன. புதுச்சேரி தென்னார்க்காடு மாவட்டத்தால் சூழப்பட்டது. காரைக்கால் காவிரிப் படுகையில், தஞ்சை மாவட்டத்தை ஒட்டியிருந்தது. மாகே மலபார்க் கரையிலும், ஏனாம் கோதாவரி முகத்துவாரத்தின் அருகிலும், சந்திரநகர் கொல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையிலும் இருந்தன. புதுச்சேரியின் பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். காரைக்காலின் பரப்பு சுமார் 160. மற்ற மூன்றும் சேர்ந்தாலும் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் போகாது.

புதுச்சேரியும் ஒரே நிலப்பரப்பு அன்று. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டு முதலிய கொம்யூன்களின் ஊர்கள் ஆங்கிலேய ஆட்சியிலிருந்த ஊர்களோடு பின்னிக் கிடந்தன. ஒரு சாலையில் சில கல் தொலைவு நடந்தாலே எல்லையைப் பலமுறை கடக்க நேரும். ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் ஒரு நாட்டிலும், அந்த நீர் பாயும் வயல் இன்னொரு நாட்டிலும் இருந்ததுண்டு. சங்கராபரணி எனப்படும் செஞ்சியாறும் தென்பெண்ணையும் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடவில்லை.

நிலத்துக்கு அடியிலும் இதே நிலைதான். புதுச்சேரியிலிருந்து தென்மேற்கே நெய்வேலி, கம்மாபுரம் வரை கடலூர் மணற்கல் அடுக்குகள் பரவியுள்ளன. 1880-களில் பாகூர்ப் பகுதியில் ஆழ்துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி இருப்பது தெரியவந்தது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1930-களில்தான். பாகூர்ப் படிவு சுரங்கமாகவில்லை. நெய்வேலியில் 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது.

வரலாறு

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் கோல்பேரின் முயற்சியால் நிறுவப்பட்டது. வாலிகண்டபுரத்தில் பீசப்பூர் சுல்தானின் ஆளுநராக இருந்த ஷேர்கான் லோடியிடமிருந்து 1673இல் புதுச்சேரியில் இடம் பெற்றது. பிரான்சுவா மர்த்தேன் அங்கு வணிகத் தலத்தை வளர்த்தார். 1693இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி 1699இல் திருப்பிக் கொடுத்தனர். 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்கால் கிடைத்தது.

1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த துய்ப்ளே, கருநாடக, தக்காண அரசுரிமைப் போட்டிகளில் தலையிட்டுப் பெரிய ஆட்சிப்பரப்பை உருவாக்க முயன்றார். அக்கால நகர வாழ்வையும் அரசியலையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அன்றாடம் பதிவு செய்துள்ளது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினர். அதன்பின் நகரம் பலமுறை கைமாறி, 1816–17இல் இறுதியாகப் பிரான்சிடம் வந்தது. ஆனால் புதிய கோட்டை கட்டவோ, காவல் தேவைக்கு மேல் படை வைக்கவோ உடன்படிக்கை இடம் தரவில்லை. ஆங்கிலேயர் விட்டுவைத்த அளவுக்குள்தான் பிரெஞ்சு ஆட்சி நடந்தது.

மக்கள்

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐந்து பகுதிகளிலும் மூன்று லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தனர். பெரும்பாலோர் தமிழர்; மாகேயில் மலையாளமும், ஏனாமில் தெலுங்கும், சந்திரநகரில் வங்காளமும் பேசப்பட்டன. பிரான்சிலிருந்து வந்தவர்கள் எப்போதும் மிகச் சிலரே. புதுச்சேரி நகரில் ஒரு கால்வாய் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்தது.

வறுமையும் கடனும் பலரைக் கடல் கடக்க வைத்தன. 1820-களின் இறுதியில் ரீயூனியன் தீவுக்கும், 1850-களில் மர்த்தினீக்கு, குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து அனுப்பப்பட்டனர். இவர்களில் பலர் பிரெஞ்சுக் குடிகள் அல்லர். சுற்றியிருந்த ஆங்கிலேய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே துறைமுகத்திலிருந்து வேறொரு பிரிவினர் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் இந்தோசீனாவுக்குப் போனார்கள். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர்களைப் புதுச்சேரி மக்கள் இன்றும் "சொல்தா" என்று அழைப்பர்.

அரசாட்சி

ஆளுநர் புதுச்சேரியில் இருந்தார். மக்களின் வழக்காறுகளில் தலையிடுவதில்லை என்று 1819இல் அரசு உறுதியளித்தது. திருமணம், சொத்துரிமை ஆகியவற்றில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் வழக்கமே சட்டமாயிற்று. 1871 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. ஆங்கிலேய இந்தியாவில் அப்போது பொதுமக்களுக்கு இப்படியொரு வாக்குரிமை கிடையாது.

ஆனால் வாக்குகள் சமமாக மதிக்கப்படவில்லை. வாக்காளர் பட்டியல் ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டது. 1873இல் பொன்னுத்தம்பி என்ற தமிழ் வழக்கறிஞர் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார்; பாரிசின் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1881இல் வந்த ஆணையின்படி, சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றால் பிரெஞ்சுக்காரருக்கு இணையான தகுதி பெறலாம். அவ்வாறு ஏற்றவர்கள் புதுப் பெயர் சூடினர்; பொன்னுத்தம்பி லப்போர்த் ஆனார். கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இதில் ஒரு விடுதலை வழியைக் கண்டனர். 1884இல் இவர்களுக்கென மூன்றாவது பட்டியல் ஏற்பட்டது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான சாதி இந்துக்கள் அதை எதிர்த்தனர். 1899இல் அப்பட்டியல் நீக்கப்பட்டது. சமத்துவம் தருவதாகச் சொன்ன குடியரசு, உள்ளூர் ஆதிக்கத்தோடு சமரசம் செய்துகொண்டது.

பொருளாதாரம்

1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உரிமை ஆங்கிலேயரிடம் போயிற்று. அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் தரப்பட்டது. புதுச்சேரியில் நீலச்சாயம் தோய்த்த "கினீ" துணி செனகல் நாட்டுக்குச் சென்று அங்கே பிசினுக்குப் பண்டமாற்றானது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதை வந்ததும், தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது.

சவானா, கெப்ளே, ரோடியர் ஆகிய பஞ்சாலைகள் நகரின் முதுகெலும்பாக இருந்தன. நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த கூலியையும் எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். வ. சுப்பையா அவர்களை அமைப்பாகத் திரட்டினார். 1936 சூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். இச்செய்தி பாரிசை எட்டியது. அதைத் தொடர்ந்து எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட தொழிற்சட்டங்கள் 1937இல் வந்தன. அதே ஆலைத் தொழிலாளர் இயக்கம் பின்னர் விடுதலை இயக்கத்துக்கும் வலுவூட்டியது.

எல்லையும் இணைப்பும்

எல்லை சிலருக்குப் புகலிடம் தந்தது. பாரதியார் 1908இலும், அரவிந்தர் 1910இலும் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பிப் புதுச்சேரி வந்தனர். 1918இல் பாரதியார் எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் அடுத்த ஊருக்கு மூட்டை கொண்டு செல்வதும் சோதனைக்கு உரியதாயிற்று, கடத்தல் பெருகியது, ஆலைகளும் சந்தைகளும் தவித்தன. அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் சந்திரநகர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. 1954இல் இந்திய அரசு எல்லைக் கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியது. மார்ச்சில், பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இணைப்பு முகாமுக்கு மாறினார். சூன், சூலை மாதங்களில் ஏனாமும் மாகேயும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகின. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் ஒப்புதல் அளித்தது. ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதனால் ஒரே தெருவில், ஒரே குடும்பத்திலும்கூட இரு நாட்டுக் குடிமக்கள் வாழும் நிலை ஏற்பட்டது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கும் 1963இல் ஒன்றிய ஆட்சிப்பகுதியாயின. சிதறிக் கிடந்த அந்தப் பழைய எல்லைக்கோடுகள், இன்று நாட்டெல்லையாக அல்லாமல், கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கிடையே நிர்வாக எல்லையாக நீடிக்கின்றன.