ஓடைப் பூச்சியைப் படித்தவர்கள் யார்?

மீன்பிடித்தல் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வெளிவந்தது. டிரவுட் என்ற மீனைப் பிடிக்க எந்த மாதத்தில் எந்தச் செயற்கை ஈயைக் கட்ட வேண்டும், அதற்கு என்ன நிறக் கம்பளி வேண்டும், எந்தப் பறவையின் இறகு வேண்டும் என்று பன்னிரண்டு ஈக்களை அது விவரிக்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியதாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை.

அந்த நூலின் கடைசிப் பகுதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இதைத் தனியாகச் சிறு நூலாக அச்சிட்டால் கண்ட சோம்பேறிகளின் கைக்கும் போய்விடும், அவர்கள் அளவின்றி மீன்பிடித்து இந்த விளையாட்டையே அழித்துவிடுவார்கள், ஆகவே மேன்மக்களுக்கான வேட்டை நூல்களோடு சேர்த்துப் பெரிய தொகுப்பாக்கினேன் என்கிறார் ஆசிரியர். புத்தகம் பெரிதானால் விலை கூடும். விலை கூடினால் ஏழை வாங்க மாட்டான். அறிவைப் பூட்டி வைப்பதற்கு விலையே பூட்டாகப் பயன்பட்டிருக்கிறது. நீருக்கும் நூலுக்கும் வேலி போட்ட சமூகத்தில் பிறந்த நமக்கு இது புரியாத தந்திரம் அல்ல.

அப்படிப் பூட்டி வைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் வாழும் மீன். அதன் இரையில் பெரும்பங்கு நீரில் வளரும் பூச்சிகள். நம் ஊரில் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புவதைப் போல, அந்தப் பூச்சிகளும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் நீரைவிட்டு வெளிவரும். இதை ‘ஹேட்ச்’ என்பார்கள். அந்த வேளையில் டிரவுட் பெரும்பாலும் அந்த ஒரு பூச்சியை மட்டுமே தின்னும், வேறு எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே என்ன பூச்சி வருகிறது என்று கண்டுபிடித்து, அதே அளவில், அதே நிறத்தில், முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி ஒரு போலிப் பூச்சி கட்ட வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி கடினமானது அல்ல. மேஃப்ளை உட்காரும்போது இறக்கைகளைப் படகுப் பாய் போல நிமிர்த்தி வைத்திருக்கும், பின்னால் இரண்டு அல்லது மூன்று மெல்லிய வால் உண்டு. கேடிஸ் இறக்கைகளைக் கூரை போலச் சரித்து மூடும், வால் கிடையாது. அதன் புழுக்களில் பல மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கு ஒரு கூடு கட்டிக்கொள்ளும். ஸ்டோன்ஃப்ளை இறக்கைகளை முதுகின் மேல் தட்டையாக மடிக்கும், அதன் இளம்பூச்சிக்கு இரண்டு வால். கொசுவைப் போலிருந்து கடிக்காமல் விடுவது மிட்ஜ். மேஃப்ளைக்கு இன்னொரு விசேஷம் உண்டு: இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி அது மட்டும்தான். அதனால் ஒரே பூச்சிக்கு நீருக்குள் ஒரு வடிவம், வெளிவந்ததும் ஒரு வடிவம், முட்டையிட வரும்போது ஒரு வடிவம். மூன்றுக்கும் மூன்று போலி.

இந்த அறிவை முறைப்படுத்தியவர் என்று புகழப்படுபவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். ஸ்டாஃபர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின் மேல் ஒரு குடிசை கட்டி, மீன்கள் எதைப் பார்க்கின்றன, எதைத் தின்கின்றன என்று கவனித்தார். உண்மைப் பூச்சியையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வண்ணப் படமாக அச்சிட்டு, அறிவியல் பெயரோடு 1836இல் நூலாக்கினார். அது அரிய உழைப்பு, மறுக்கவில்லை.

ஆனால் ஓடையைப் படித்தவர்கள் நூல் எழுதியவர்கள் மட்டும்தானா? ஸ்காட்லாந்தில் டபிள்யூ.சி. ஸ்டூவர்ட் 1857இல் ஒரு நூல் எழுதினார். நூற்றுக்கணக்கான போலிகள் தேவையில்லை, சில எளிய ஈக்களே போதும், நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி வீசுங்கள் என்றார். அதில் புகழ்பெற்ற ஒரு கறுப்பு ஈ உண்டு. அதைத் தனக்குக் காட்டியவர் ஜேம்ஸ் பெய்லி என்று ஸ்டூவர்ட்டே எழுதிவைத்தார். பெய்லி மீன்பிடித்தே பிழைத்த மனிதர். மீன் அகப்படாவிட்டால் அவர் அடுப்பு எரியாது. அவர் தனியாக நூல் எதுவும் விட்டுச்செல்லவில்லை. ஸ்டூவர்ட் நேர்மையாக ஒரு வரி எழுதியதால் அந்தப் பெயர் தப்பித்தது. அப்படி எழுதப்படாமல் போன பெய்லிகள் எத்தனை பேர்?

பிறகு தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஓடைகளில் இது செல்வந்தர்களின் மதமாகவே மாறியது. அங்கே மீன்பிடிக்கும் உரிமை கரை நிலத்துக்குச் சொந்தக்காரருடையது. 1886இல் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டின் நூல் வந்தது. மேலே மிதக்கும் ஈயை மட்டும்தான் போட வேண்டும், மேலெழுந்து இரை தின்னும் மீனுக்கு மட்டும்தான் போட வேண்டும் என்று அவருடைய சீடர்கள் சட்டம் வகுத்தார்கள். நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியைப் போலச் செய்வது கௌரவக் குறைவாம்! ஜி.இ.எம். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் பிடித்த மீனின் வயிற்றிலிருந்து இரையை எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டுப் பார்த்தார். டிரவுட் பெரும்பாலும் நீருக்குள்ளேயே தின்கிறது என்பதற்குச் சான்று அந்தத் தட்டிலேயே இருந்தது. 1910இலேயே அதை எழுதினார். ஆனாலும் 1938இல், எண்பதை நெருங்கிய வயதில், லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் எழுந்து நின்று தன் முறைக்காக வாதாட வேண்டியிருந்தது. கண்முன் இருக்கும் சான்றை மரபு எப்படி மறுக்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இந்தச் சண்டையை முடித்து வைத்தவர் கிளப் உறுப்பினர் அல்ல. ஃபிராங்க் சாயர், ஏவன் ஆற்றில் இராணுவ அதிகாரிகளின் மீன்பிடிச் சங்கத்துக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆற்றுக் காவலர். பாசி வெட்டுவதும் கரையைக் காப்பதும் அவர் வேலை. ஆண்டு முழுவதும் ஆற்றிலேயே கிடந்தவர் என்பதால், நீந்தும் இளம்பூச்சி காலை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதைக் கண்டார். அப்படியென்றால் போலிக்குக் கால் எதற்கு? ஃபெசன்ட் பறவையின் வால் இறகு, நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியின் எடையில் ஈ தானே மூழ்கும். 1958இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் டிரவுட் பிடிப்பவர்களின் பெட்டியில் அந்த ஈ இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஈக்களைக் கட்டிய கைகள் யாருடையவை? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மேரி ஆர்விஸ் மார்பரியின் பட்டறையில் பெண்கள் கட்டினார்கள். இன்று மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் ஈக்களில் பலவற்றைக் கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் தொழிலாளர்கள் கட்டுகிறார்கள். அட்டையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கட்டியவரின் பெயர் இருக்காது.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக நீலகிரி ஓடைகளில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்த 1879இல் நீலகிரிக்கென்றே ஒரு சட்டமும் போட்டார்கள். அந்த ஓடைகளில் அதற்கு முன்பும் பூச்சிகள் இருந்தன, மீன்கள் இருந்தன, மனிதர்களும் இருந்தார்கள்.

தோழர்களே, தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் இந்த மூன்றும் கழிவு கலந்த நீரைப் பொதுவாகத் தாங்காதவை. நீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் இவையும் உண்டு. பிரிட்டனில் இன்று மீன்பிடிக்கும் சாதாரண மக்களே மூன்று நிமிடம் ஆற்றடிக் கற்களைக் காலால் கிளறி, வலையில் விழும் பூச்சிகளை எண்ணி, எண்ணிக்கை குறைந்தால் அரசுக்குத் தகவல் தருகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இந்த மூன்று வகையும் வாழ்கின்றன. ஆய்வகச் சான்றிதழுக்கு இது மாற்று ஆகாது, ஆனால் முதல் எச்சரிக்கை ஆகும். ஆலைக்கு மேலே ஓரிடத்தில், கீழே ஓரிடத்தில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள். எழுதியவரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.