கந்தளாய்க் குளமும் மூன்று தாகங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகறியும். பெருங்கப்பல்கள் அச்சமின்றி நங்கூரமிடத்தக்க ஆழமும், சூழ்ந்து காவல் நிற்கும் குன்றுகளும் அதற்கு வாய்த்துள்ளன. ஆயினும் அங்கே நிறைந்திருப்பது உப்புநீர். நகர மாந்தர் பருகும் நீரோ ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருகின்றது. அக்குளத்தின் வரலாறு நீரைத் தேக்கிய வரலாறு மட்டுமன்று. தேக்கிய நீரைப் பகிர்ந்துகொண்ட வரலாறுமாகும்.

குளத்தைக் கட்டியவர் யார்? கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டு மன்னனே என்கிறது கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்கிறது மகாவம்ச மரபு. பெயர்கள் வேறுபடினும், நெடுங்காலமாகப் பல மொழியினரும் பல சமயத்தினரும் இந்நீரால் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. சோழராட்சியில் இராசராச சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் இங்கு ஓர் ஊர் விளங்கியது. நிசங்கமல்லன் இங்கே ஓர் அறச்சாலை அமைத்தமையைக் கந்தளாய்ச் சாசனம் கூறுகின்றது.

பெருங்குளத்தைக் கட்டுவது அரசனின் செயல். அதன் நீரை முறைப்படி பங்கிடுவதோ ஊராரின் செயல். மேல்வயற்காரர் அளவின்றி நீரைப் பாய்ச்சினால், தம்பலகாமத்துக் கடைவயலில் நெற்பயிர் கருகும். ஆதலின், எந்நாளில் மதகு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பவற்றை உழவர் கூடி முடிவுசெய்தனர். வட்டவிதானை அம்முடிவை வயலில் நிறைவேற்றினார். ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் தளர்ந்துபோன இவ்வழக்கங்களை மீண்டும் நிலைநிறுத்த 1856இல் தேசாதிபதி வார்ட் காலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1870களில் குளமும் திருத்தப்பட்டது. 1946ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டமும் உழவர் கூட்டத்துக்கு இடமளித்தது.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை மாறியது. குடியேற்றத்தால் வயல் பெருகிற்று. கந்தளாயில் சீனித் தொழிற்சாலை எழுந்தது. 1993இல் அது மூடப்படும்வரை கரும்பும் அக்குளத்து நீரையே நாடி நின்றது. துறைமுகக் கரையில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் தோன்றின. நகர வீடுகள்தோறும் குழாய்கள் பெருகின. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், அம்பன் கங்கை வழியாக மின்னேரியாவையும் கவுடுல்லையையும் கடந்து கந்தளாயை எட்டுகின்றது. ஆனால் வழிநெடுகிலும் அதற்குப் பங்காளிகள் உளர்.

இப்பங்காளிகள் அனைவரும் ஒரே கட்டை நம்பி வாழ்கின்றனர் என்பதை 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை கொடுமையாக உணர்த்தியது. அன்று குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயல் பாழாயிற்று. மறு ஆண்டு கட்டு புதுக்கப்பட்டது. ஆனால் போன உயிர் மீளவில்லை.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் யாது? குளம் ஒன்று, அதனை நோக்கும் தாகங்கள் மூன்று. வயலின் தாகத்துக்குப் போகமும் பருவமும் உண்டு. சிறுபோகத்தில் நீர் குறைந்தால் விதைக்கும் பரப்பைக் குறைக்கலாம். ஆலையின் தாகம் நாள்தோறும் ஒரே அளவினது. பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்தி அதனைத் தணிக்கலாம். வீட்டின் தாகமோ ஒரு நாளும் பொறாதது. அதற்கே முதலிடம் வேண்டும். ஆயினும் அவ்வுரிமை, குழாயைத் திறந்துவிட்டு மறப்பதற்குரிய உரிமையன்று.

பண்டை உழவர் கூட்டம் வயலுக்காக எழுந்தது. அன்று நகரக் குழாயும் ஆலையும் இல்லை. இன்று அவையும் உள்ளன. ஆதலின் ஆலையாரும் நகரத்தாரும் உழவரோடு ஒரே அவையில் அமர்ந்து, குளத்து நீர்மட்டத்தைக் கண்முன் வைத்துத் தத்தம் பங்கை வரையறுத்தல் வேண்டும். மழை தருவதை மாற்ற எவராலும் இயலாது. தந்ததைப் பங்கிடும் முறையே மனிதர் கையில் உள்ளது. கந்தளாயின் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் குளம் மட்டுமன்று, அம்முறையுமாகும்.