ரெஃபிக் ஷபனாஜோவிச்

ரெஃபிக் ஷபனாஜோவிச் (பிறப்பு: 1965) மாண்டினீக்ரோவில் பிறந்து யுகோஸ்லாவியாவுக்காக ஆடி ஓய்வுபெற்ற கால்பந்துப் பின்கள வீரர். எதிரணியின் அபாயமான ஆட்டக்காரரை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடி, அவர் காலுக்குப் பந்து சேராமல் தடுப்பதில் பேர்போனவர். அந்த வேலையைச் சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது. பிசகினால்தான் பெயர் வெளியே வரும். இவர் பெயரும் பெரும்பாலும் ஒரு சிவப்பு அட்டையோடு சேர்த்தே பேசப்படுகிறது. அந்த ஒன்றை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை.

இன்று போட்கோரிட்சா எனப்படும் டிட்டோகிராட் வட்டாரத்துக்காரர். சராயேவோ நகரின் செல்யெஸ்னிச்சார் கிளப்பில் வளர்ந்தார். 'ரயில்வேக்காரர்' என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் இவிட்சா ஓசிம். 1987-இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணிக்குப் போனார்.

1990 உலகக் கோப்பையில் யுகோஸ்லாவிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் ஓசிம்தான். ஜூன் 30, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம், கொளுத்தும் மாலை வெயில். காலிறுதியில் எதிரே நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா. மரடோனாவைக் கட்டிப்போடும் பொறுப்பு ஷபனாஜோவிச்சின் தலையில் விழுந்தது. 31-ஆம் நிமிடத்தில் மரடோனாவை இடறியதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை. சுவிஸ் நடுவர் ரோத்லிஸ்பெர்கர் அவரை வெளியே அனுப்பினார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பத்துப் பேராகவே ஆடிய யுகோஸ்லாவியா, கூடுதல் நேரம் முடியும்வரை ஒரு கோலும் விடவில்லை. பெனால்டியில் மரடோனாவின் உதையைக்கூட கோல்கீப்பர் இவ்கோவிச் பிடித்துவிட்டார். ஆனாலும் 3-2 என ஆட்டம் கைநழுவியது. பெனால்டியை கோலாக்கிய சவிசெவிச், தவறவிட்ட டிராகோல்யூப் பிர்னோவிச் இருவரும் டிட்டோகிராடில் பிறந்தவர்கள். ஒரு சிறிய நகரத்தின் பிள்ளைகள் மூவருக்கும் அந்த ஒரே மாலையில் மூன்று விதமான விதி.

பதினோரு மாதம் கழித்து, அதே இத்தாலி. 1991 மே 29 அன்று பாரி நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். மார்சேய் அணிக்கு எதிரே ரெட் ஸ்டாரின் முதல் பதினொருவரில் ஷபனாஜோவிச்சும் நின்றார். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தாக்குதலுக்குப் பேர்போன ரெட் ஸ்டார் அன்று பின்வாங்கி நின்று காத்தது. கோல் விழாமல் 120 நிமிடம் ஓடியது. இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான் அவர் போன்றவர்களின் அருமை தெரியும். பெனால்டியில் ரெட் ஸ்டார் ஐந்தையும் அடித்து 5-3 என வென்றது. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 25 அன்று, ஸ்லோவேனியாவும் குரோயேஷியாவும் யுகோஸ்லாவியாவிலிருந்து விடுதலை அறிவித்தன.

அணியும் நாட்டைப் போலவே சிதறியது. ஷபனாஜோவிச் கிரேக்கத்தின் ஏ.இ.கே. ஏதென்ஸ் அணிக்குச் சென்றார். மோஸ்தார்காரரான டூஷான் பயேவிச்சின் பயிற்சியில் 1992, 1993, 1994 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக் பட்டம் அந்த அணிக்கே. பின்னர் ஒலிம்பியாகோசிலும், அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி அணியிலும் ஆடினார்.

மாண்டினீக்ரோ 2006-இல் தனிநாடானது. அதன் தேசிய அணி முதன்முதலாக 2007 மார்ச் 24 அன்று போட்கோரிட்சாவில் களமிறங்கி, ஹங்கேரியை 2-1 என வென்றது. அப்போது ஷபனாஜோவிச்சுக்கு வயது 41.